ஒன்பது நாள் தள்ளிவைத்த நேர்காணல்

டோக்கியோ மாநகருக்குள் இருபத்து மூன்று வார்டுகள் இருக்கின்றன. ஏப்ரலில் போய் இறங்கிய முதல் வாரமே அவற்றை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வரிசைப்படுத்தி, ஜூலை கடைசிக்குள் எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிடுவது என்று திட்டம் போட்டேன். பக்கத்துப் பத்தியில் ரயில் தடம், அதற்கடுத்து இறங்கவேண்டிய நிலையம், அதற்கடுத்து மழை பெய்தால் என்ன செய்வது.

நான் நியூ ஜெர்சியில் பிஎச்டி செய்துகொண்டிருந்தேன், ஐந்தாவது வருடம். என் மாதிரிகளை அளக்க வேண்டிய கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. நான்கு மாதம் அங்கே வருகை மாணவியாக இருந்து அளந்துவிட்டு வரலாம் என்று என் பேராசிரியர் ஏற்பாடு செய்தார். வாரநாட்களில் கருவி, வாரக்கடைசியில் வார்டு. இதில் கவலைப்பட எதுவுமில்லை, ஒன்றைத் தவிர. அமெரிக்காவுக்குள் இருந்து படிக்க அனுமதி தருவது ஒரு காகிதம். அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி தருவது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா. உள்ளேயே இருக்கும்வரை விசா காலாவதியானாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே போய்விட்டால் புது விசா வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். என்னுடைய ஐந்து வருட விசா ஜூன் மாதம் முடிய இருந்தது. டோக்கியோவிலேயே தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று பட்டியலில் ஒரு வரி எழுதிக்கொண்டேன்.

அக்காவும் மாமாவும் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறார்கள். நான் கிளம்பிய அன்று அக்கா ஐந்து மாதம். நியூவார்க் விமான நிலையத்துக்கு ரயில் பிடிக்க பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு என்னை அவளேதான் கொண்டுவந்து விட்டாள். பின் சீட்டில் மாமா என் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டெலிவரிக்கு நீ இருப்பீல்ல?" என்றாள் அக்கா, பிளாட்பாரத்தில் நின்று.

"ஆகஸ்ட் ஆறாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சுக்கா. டியூ டேட் பதினெட்டு. பன்னெண்டு நாள் பஃபர் இருக்கு."

"உன்ற பஃபரைத் தூக்கி ட்ராக்குல போடு. இருப்பியா, மாட்டியா?"

"இருப்பேன்."

"நான் இருக்கேனில்ல?" என்றார் மாமா.

"நீங்க ப்ளட் டெஸ்ட்டுக்கு எனக்கு ஊசி போடறதைப் பார்த்தே உட்கார்ந்துட்டவருங்க. நீங்க பேசாதீங்க."

சிரித்தோம். ஆனால் அவள் கேட்டது விளையாட்டில்லை. அப்பாவுக்கு ஜனவரியில் பைபாஸ் ஆகியிருந்தது. அம்மா ஈரோட்டை விட்டு நகர முடியாது. மாமாவுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு அக்கா பக்கத்தில் இருக்கக்கூடிய பெண் நான் ஒருத்திதான்.

மே மாதம் நேர்காணலுக்கு நாள் பதிவு செய்தேன். ஜூலை பதினைந்து, செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால். அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. நல்ல செய்தியாகத்தான் சொன்னேன்.

"என்னைக்கு கண்ணு?" என்றாள் அம்மா. போனிலேயே தினசரி காலண்டரின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. ஜூலை வரைக்கும் புரட்ட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "அன்னைக்கு அஷ்டமி" என்றாள்.

"அம்மா."

"தேய்பிறை அஷ்டமி சாமி. அதுவும் செவ்வாக்கிழமை. எட்டே முக்காலுக்கு உள்ளே போனா, உன்னைக் கூப்பிடறப்ப ஒம்போது ஆயிரும். ஒம்போதுக்கு எமகண்டம்."

"அது ஈரோட்டு ஒம்போது மணிம்மா. இங்க ஒம்போதுன்னா உங்களுக்கு அஞ்சரை."

"எமகண்டத்துக்கு விசாவா வேணும்? அது எல்லா ஊருக்கும்தான் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "உங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்துனது நவமி அன்னைக்கு. ரெண்டு நாள் பொறுத்துப் போலாம்னு சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றாள். அப்பா அன்று பொறுத்திருந்தால் இருந்திருக்கமாட்டார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மறுக்கப்பட்டதைவிட, அஷ்டமி அன்று போனதால்தான் மறுத்தார்கள் என்று என் ஆயுள் முழுக்க அம்மா சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். அடுத்து காலியாக இருந்தது ஜூலை இருபத்து நான்கு, வியாழன், காலை பத்து. அம்மா காலண்டரைப் பார்த்து, "வளர்பிறை துவிதியை. குரு நாள். இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்றாள். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். பயன்: அம்மாவுக்கு நிம்மதி. இழப்பு: ஒன்பது நாள். நேர்காணல் முடிந்து சாதாரணமாக ஒரு வாரத்தில் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியும் ஆகஸ்ட் ஆறுக்கு முன்னால் ஐந்தாறு நாள் மிச்சமிருந்தது. மாற்றினேன்.

அக்காவிடம் மறுநாள் சொன்னபோது, ஏனென்று தெரியவில்லை, "நாளை மாத்திட்டாங்கக்கா, இருபத்து நாலுன்னு வந்திருக்கு" என்று சொன்னேன்.

"லேட்டாயிருமா? ஐசலின்ல ஒரு ஆன்ட்டி இருக்காங்களாம். வீட்டுக்கே வந்து பத்தியச் சமையல், பாப்பாவைக் குளிப்பாட்டறது, எல்லாம் ஒரு மாசம் பார்த்துக்குவாங்க. ஆனா முன்னாடியே சொல்லி வெக்கோணும். ஆகஸ்டுக்கு இப்பவே ஆள் கேக்கறாங்களாம். சொல்லட்டா?"

"எதுக்குக்கா? நான் வந்துருவேன்."

"ஷ்யூரா?"

"ஷ்யூர்."

அந்த வியாழன் வந்தது. அகாசகா பக்கம், ஏற்றமான ஒரு தெருவில், வெயிலில் குடை பிடித்த வரிசையில் நின்றேன். என் ஃபைலில் காகிதங்கள் எண் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். என்ன ஆய்வு என்று கேட்டார். மெல்லிய படலங்கள், மின்னணுச் சில்லுகளுக்கானவை என்று சொன்னேன். ஏதோ தட்டச்சு செய்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். கூடுதல் சரிபார்ப்பு தேவை. ஆய்வுச் சுருக்கம், பேராசிரியரின் கடிதம், பிரசுரங்களின் பட்டியல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது" என்றார். "உங்கள் எண்ணை இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம்."

அன்று மதியத்துக்குள் மூன்றையும் அனுப்பிவிட்டேன். அதன் பிறகு நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

கருவியில் என் நேரம் அந்த வாரத்தோடு முடிந்திருந்தது. விடுதி அறையில் உட்கார்ந்தால் அந்த இணையதளத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தேன். என் எண், பிறகு ஒரே வரி: கூடுதல் சரிபார்ப்பில் உள்ளது. இரண்டாம் நாள் எனக்கே அச்சமாகிவிட்டது. இருபத்து மூன்று வார்டுகளில் பன்னிரண்டுதான் முடிந்திருந்தது. மீதிப் பதினொன்றையும் நடப்பது, ஒரு வார்டில் இறங்கி நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் ஒருமுறை மட்டும் பார்ப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுவிட்டு, நடக்கவேண்டும்.

அந்த நாட்களில் நான் பார்த்த டோக்கியோவை இப்போது நினைத்தால் எல்லா ஊரும் நிலைய வாசலில் இருந்துதான் தொடங்குகிறது. பயணச்சீட்டுக் கதவின் பீப் சத்தம், வெக்கை முகத்தில் அடிப்பது, நிழல் தேடி ஒரு தூணோரம் ஒதுங்குவது, போன், அதே வரி. அதற்குப் பிறகுதான் தெரு கண்ணில் படும்.

கப்பாபாஷி என்ற தெரு முழுக்க ஓட்டல்காரர்களுக்கான பாத்திரக் கடைகள். கடை வாசலில் கண்ணாடிக்குள் வைக்க மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த சாப்பாட்டு மாதிரிகள் அங்கே தனியாக விற்கின்றன. நூடுல்ஸ் அந்தரத்தில் நிற்கும், அதைக் கவ்விய குச்சியும் அந்தரத்தில். ஒரு கடையில் மஞ்சள் சோறும் குழம்பும் இருந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "இதைப் பார்த்தே வயிறு நெறஞ்சுது. நிஜச் சோறு வெச்சுத் தர்ற ஆளு எப்போ வருது?" என்று பதில் வந்தது. சிரிக்கும் முகம் ஏதும் போடவில்லை. அவள் வழக்கமாக மூன்று போடுவாள்.

நிஷி-கசாய் இந்தியர்கள் அதிகம் இருக்கும் பகுதி. மளிகைக் கடையில் துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பெண் தன் தள்ளுவண்டியைத் திருப்ப முடியாமல் நின்றாள். உதவினேன். சென்னை. கணவர் இங்கே வங்கி ஒன்றில் ஐடி. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். ஏன் இன்னும் திரும்பவில்லை என்று கேட்டாள், அதையும் சொல்லிவிட்டேன்.

"ஐயோ, அந்த செக்கா?" என்றாள். "இவர் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு அதே மாதிரிதான் சொன்னாங்க. மூணு மாசம்ப்பா! பாவம், வேலையே போயிடுச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்கு அப்படியெல்லாம் ஆகாதும்மா. ஸ்டூடன்ட் தானே. சீக்கிரம் குடுத்துடுவாங்க. டென்ஷன் ஆகாத" என்று சேர்த்துக்கொண்டாள். கறிவேப்பிலை ஒரு கட்டு வாங்கினேன். விடுதியில் அதைப் போட்டு என்ன சமைப்பது என்று தெரியாமல் ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு அக்காவைக் கூப்பிடுவேன். அவளுக்கு அது முந்தின நாள் மாலை ஏழு. அவள் முதலில் பாஸ்போர்ட் பற்றிக் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். அதற்குப் பதில் அன்றைக்கு எந்த ஏரியா என்று கேட்டாள். நான் அடாச்சி, இதாபாஷி, கட்சுஷிகா என்று சொல்ல, அவள் அந்தப் பெயரைத் தப்பாகத் திருப்பிச் சொல்வாள். மாமா பின்னால் இருந்து, "அங்க நல்ல ராமென் கிடைக்குமான்னு கேளு" என்பார். மூன்று பேரும் இப்படிப் பேசிக்கொண்டே முக்கியமானதைச் சுற்றிப்போனோம். நான் ஒவ்வொரு முறையும் ஐசலின் ஆன்ட்டியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். இப்போதாவது சொல்லிவைக்கலாமா என்று. கேட்டால், எனக்கே நம்பிக்கை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட்டுக்கு மூன்று நாள் இருந்தது. ஆய்வகத்தில் எனக்குக் கருவி பழக்கிய ஜப்பானியப் பெண், என்னைவிட ஒரு வயது சிறியவள், தன் வீடு இருக்கும் நிங்யோச்சோவைத் தானே சுற்றிக்காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று ஒன்பது மணிக்கே சந்தித்தோம். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் போனைப் பார்த்தேன். அதே வரி.

இரண்டு தெரு தள்ளி ஒரு கோவில். வாசலிலிருந்து தெருவரைக்கும் வரிசை. வரிசையில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். கூடவே கணவன், சிலரோடு அம்மா, மாமியார்.

"இன்னிக்கு நாய் நாள்" என்றாள் தோழி. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். "பழைய காலண்டர்ல பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். நாய் சுலபமா குட்டி போடும் இல்லையா, அதனால அஞ்சாவது மாசம் இந்த நாள்ல வந்து வேண்டிக்கிட்டு, வயித்துல துணி கட்டிக்குவாங்க."

"உங்க வீட்டுல இதெல்லாம் நம்புவாங்களா?"

"யாரும் நம்பறதில்ல. எல்லாரும் பண்ணுவோம்." அவள் தோளைக் குலுக்கினாள். "எங்க அக்காவை ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நாள் கழிச்சுத்தான் கூட்டிட்டு வந்தோம். முதல் நாள் எங்க காலண்டர்ல ஆகாத நாள். எங்கம்மா கல்லூரியில இயற்பியல் சொல்லித் தர்றவங்க."

நான் சிரித்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு உண்மையாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்: அஷ்டமி, எமகண்டம், ஒன்பது நாள், இரண்டு பத்தி போட்ட தாள். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. எமகண்டம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், மரணத்துக்கான கடவுளின் ஒன்றரை மணி நேரம் என்று சொன்னேன். அது தினமுமா வரும் என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். தினமும், நேரம்தான் மாறும் என்றேன்.

அவளும் சிரித்தாள். பிறகு, "உங்க அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அவளுக்குத் தெரியாது. அவங்களே மாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்."

தோழி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குப் பல வகை உண்டு. இது, செய்தது சரியில்லை என்று சொல்லும் வகை; நான்கு மாதத்தில் எனக்கு அது தெரிந்திருந்தது.

அப்போது போன் அதிர்ந்தது. மாமா.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு" என்றார். மூச்சு வாங்கியது. "டாக்டர் உடனே வரச் சொல்லிட்டாங்க. நான் கார்ல உட்கார்ந்துட்டேன். ஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். உங்க அக்கா இன்னும் வரலை."

"வராம எங்க இருக்கா?"

"டவல் எடுக்கப் போயிருக்கா. சீட்டு கறை ஆயிருமாம்! லீஸ் காராம்!"

கதவு திறக்கும் சத்தம். "வண்டியை எடுங்க. போனைக் குடுங்க" என்று அக்காவின் குரல். பிறகு என்னிடம், மிகச் சாதாரணமாக, "பாஸ்போர்ட் வந்துதா?" என்றாள்.

"இல்லக்கா."

"சரி."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது, தொடர்பு அறுந்தது.

கோவில் வரிசை கொஞ்சம் நகர்ந்தது. உள்ளே போய் ஏதாவது தாயத்து வாங்கவேண்டுமா என்று தோழி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "அது அஞ்சாவது மாசம் வாங்கணும்" என்று சங்கடமாக முடித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நடந்தோம். பெரிய நீலப் பாலத்தில் ஆற்றைக் கடந்து அடுத்த வார்டான கோதோவுக்குள் போனோம், கியோசுமி என்ற பகுதி. மதியம் அவள் ஏதோ வாங்கிக் கொடுத்தாள், சாப்பிட்டேன். மூன்று மணிக்கு அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். மூன்று தடவை சொன்ன பிறகுதான் போனாள்.

அதற்குப் பிறகு கால்வாய்களை ஒட்டி நடந்துகொண்டே இருந்தேன். கோதோ வார்டு முழுக்கக் கால்வாய்கள். மரக்கிடங்குகள், சிறு தொழிற்கூடங்கள், காபிக் கடைகள், ஒரு பள்ளிக்கூடத்தின் நீச்சல் குளத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல். என் தலைக்குள் ஒரே கணக்கு. நேர்காணல் பதினைந்தாம் தேதி நடந்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு ஒன்பது நாள் முன்னால் தொடங்கியிருக்கும். ஒன்பது நாள் முன்னால் முடிந்திருக்கும். எப்போது முடியும் என்றே தெரியாத ஒன்றிலிருந்து ஒன்பதைக் கழித்துக்கொண்டிருந்தேன். விடை வராது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அங்கே பிளெய்ன்ஸ்பரோவில் இரவு; யாரும் கூப்பிடவில்லை. வலி வந்ததா, மாமா நிற்கிறாரா உட்கார்ந்தாரா, ஒன்றும் தெரியாது.

ஆறே முக்காலுக்கு, கிபா என்ற இடத்தில், ஒரு பாலத்தின் ஓரம் படம் வந்தது. வெள்ளைத் துணிக்குள் சிவந்த முகம். பெண் குழந்தை. சிசேரியன். மாமா எழுதியிருந்தார்: "ரெண்டு பேரும் ஓகே. நான் விழலை."

உடனே அம்மா. "கரெக்டா எத்தனை மணி, எத்தனை நிமிஷம்னு கேட்டுச் சொல்லு. மாப்பிள்ளை பதட்டத்துல அஞ்சரைங்கறாரு, அஞ்சு நாப்பதுங்கறாரு. நட்சத்திரம் பார்க்கோணும்." பிறகு, "நீயாவது பக்கத்துல இருந்திருக்கலாம் கண்ணு." இருட்டும்வரை அந்தப் பாலத்திலேயே நின்றேன்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி என் விமானம் நான் இல்லாமல் போனது. அன்று பிற்பகல், இணையதளத்தில் அந்த வரி மாறியது: விசா வழங்கப்பட்டது. எட்டாம் தேதி பாஸ்போர்ட் தபாலில் வந்தது. ஒன்பதாம் தேதி கிளம்பி, தேதிக்கோட்டைத் தாண்டியதால் அதே ஒன்பதாம் தேதி நியூவார்க்கில் இறங்கினேன். குழந்தை பிறந்து ஏழாம் நாள். நான்கு வார்டுகளைப் பார்க்கவே இல்லை. இன்றுவரை அந்த வரிசைகள் நிரப்பப்படாமல் இருக்கின்றன.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் மாமா நின்றிருந்தார். ஒரு வாரத் தாடி, சட்டைத் தோளில் பால் கறை. பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்தார்.

"அத்தை நேத்து வீடியோ கால்ல வந்தாங்க" என்றார். "அஷ்டமி மேட்டர் எல்லாம் சொன்னாங்க. செம சந்தோஷம் அவங்களுக்கு. செவ்வாக்கிழமை போயிருந்தா ரிஜெக்ட்டே ஆகியிருக்கும், நாஞ்சொல்லித்தான் வியாழக்கிழமை மாத்துனா, பாரு விசா வந்திருச்சுன்னு."

"அக்கா?"

"ஒண்ணும் சொல்லலை. அதான் எனக்கே பயமா இருக்கு. நீ சாப்பிட்டியா?"

வீட்டில் அக்கா கட்டில் ஓரமாகச் சாய்ந்திருந்தாள். முகம் வாடி, சின்னதாகியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையைக் காட்டினாள். மூக்கு யாருடையது என்று கேட்டாள். நான் வாங்கிக்கொண்டபோது, "தலையைப் பிடி. ட்ரெயின்ல பையைப் பிடிக்கற மாதிரி பிடிக்காத" என்றாள். கீழ் வீட்டு ஆன்ட்டி கொடுத்தனுப்பிய ரசம் டப்பாவில் இருந்தது. நான் துணிகளைத் துவைக்கப் போட்டேன், சமையலறையைத் துடைத்தேன், பூண்டு உரித்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் அவளுடைய பச்சைத் துப்பட்டா ஒன்று இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. மறுமுனை படுக்கையின் மேல் நீண்டு கிடந்தது. குழந்தைக்குத் தொட்டில் கட்டப் பார்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை சிணுங்கியது. நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அக்கா அந்தத் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இழுத்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வயிறு. வயிற்றால் எழ முடியாது என்பதால் கையால் எழுகிறாள். பல்லைக் கடித்திருந்தாள்.

"கூப்பிட்டிருக்கலாமில்ல" என்றேன்.

"பழகிருச்சு." குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள் இவர் மருந்து வாங்கப் போனார். பாப்பா அழ ஆரம்பிச்சுது. இதோ, இவ்வளவு தூரத்துல. என்னால எந்திரிக்க முடியலை. புரளவும் முடியலை. இருபது நிமிஷம் அழுதுது. நானும் அழுதேன். அப்புறம் இவர் வந்ததும் இதைக் கட்டச் சொன்னேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அஷ்டமின்னு நாளை மாத்துனதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. அம்மா அப்படிச் சொன்னா நானும்தான் மாத்தியிருப்பேன். எங்கிட்ட ஏன் அவங்க மாத்திட்டாங்கன்னு சொன்னே?"

"நீ திட்டுவேன்னு நெனச்சேன்க்கா."

"திட்டியிருப்பேன்." குழந்தையின் வாயைத் துடைத்தாள். "நல்லாத் திட்டிட்டு, உனக்கு அவசரமே இல்ல போலிருக்குன்னு முடிவு பண்ணி, அந்த ஆன்ட்டிக்குப் போன் பண்ணியிருப்பேன். நீ ஷ்யூர்னு சொன்னே. உன்னை நம்பி உட்கார்ந்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொற்களில் என்று ஞாபகமில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னிக்கு ரசத்துல கொஞ்சம் மிளகு தூக்கலாப் போடு" என்றாள்.

அதன் பிறகு ஒரு மாதம் அவளைத் தூக்கி உட்காரவைத்தது நான்தான்: ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை முழங்கையில். அவள் தன் எடை முழுவதையும் என் மேல் போடமாட்டாள். பாதியை எப்போதும் தன்னிடமே வைத்துக்கொள்வாள். அது என் கைக்குத் தெரியும். தையல் ஆறி, அவளாகவே எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும், இன்னும் இரண்டு வாரத்துக்கு அந்தத் துப்பட்டாவை அவிழ்க்க அவள் என்னை விடவில்லை.